ஆயுசுக்கும் ஓடுகிற சைக்கிள்: சென்னையில் எதை வாங்குவது?

ஒரு தடவை வாங்கினால் காலம் முழுக்க ஓட வேண்டும், கையால் செய்த பழைய பாணி வண்டியாகவும் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்குச் சென்னையில் நாலு வழி இருக்கிறது. இங்கிலாந்திலிருந்தோ நெதர்லாந்திலிருந்தோ கைவேலை சைக்கிளை வரவழைக்கலாம். நம் நாட்டிலேயே அளவெடுத்து பிரேம் செய்து தருகிறவர்களிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். கடையில் இன்னமும் விற்கிற புதுக் கருப்பு சைக்கிளை வாங்கலாம். இல்லையென்றால் அப்பா, தாத்தா காலத்து வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்து, பேரிங்கின் கடைசிக் குண்டு வரை பிரித்து, புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். பெரும்பாலானவர்களுக்கு நாலாவது வழிதான் சரி என்பது என் கருத்து. ஏன் என்று சொல்வதற்கு முன்னால், ஒரு சைக்கிளின் ஆயுசு எதில் முடிகிறது என்று பார்த்துவிடலாம்.

பிரேமில் முடிவதில்லை. இரும்புக் குழாய்க்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஓர் எல்லைக்குள் வருகிற அதிர்ச்சியை எத்தனை லட்சம் முறை கொடுத்தாலும் தாங்கிக்கொள்ளும், உள்ளே களைப்பு சேராது. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. பள்ளத்தில் இறங்குகிற ஒவ்வொரு அடியும் அதன் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் அலுமினிய பிரேமைப் பருமனான குழாயில் செய்கிறார்கள். அது விண்டால் நம் தெருவில் ஒட்டவும் முடியாது. ஒட்டிய பிறகு உலையில் வைத்துப் பதப்படுத்தினால்தான் பழைய பலம் திரும்பும்.

பழைய பாணி பிரேம் செய்கிற விதமே வேறு. குழாயும் குழாயும் சேருகிற இடத்தில் ‘லக்’ என்கிற மூட்டு உறை இருக்கும். அதற்குள் குழாயைச் செருகி, சூடாக்கி, இடுக்கில் பித்தளையை உருக்கி ஓடவிடுவார்கள். பித்தளை சுமார் 900 டிகிரியில் ஓடத் தொடங்கிவிடும். இரும்பு உருக 1500 டிகிரிக்குப் பக்கத்தில் வேண்டும். ஆகவே குழாய் உருகாமல், குணம் கெடாமல் மூட்டு கூடிவிடுகிறது. இதில் இன்னொரு பெரிய லாபம்: என்றைக்காவது ஒரு குழாய் நசுங்கினால், அந்த மூட்டை மறுபடி சூடாக்கிப் பழைய குழாயை உருவிவிட்டுப் புதுசு போட முடியும். வெளிநாட்டில் கைவேலை என்று பெயர் வாங்கிய பிரேம்களில் பல இப்படி வந்தவைதான். நம் தெருமுனையில் தண்ணீர் கேன் சுமக்கிற கருப்பு சைக்கிளும் இதே லக், இதே பித்தளை. விலையில் இருபது மடங்கு வித்தியாசம் இருக்கலாம். குழாயின் தரம் வேறு, வேலையின் நேர்த்தி வேறு. ஆனால் அடிப்படை முறை ஒன்றுதான்.

ஆயுசு முடிகிற இடம் மற்றதெல்லாம். ரிம் துருப்பிடிக்கும். போக்ஸ் கம்பி அறும். பேரிங் குண்டுகள் உருளுகிற கோனிலும் கப்பிலும் குழி விழும். செயின் நீளும், நீண்ட செயின் பல்சக்கரத்தைத் தின்னும். இதெல்லாம் வரத்தான் வரும், வந்தால் மாற்ற வேண்டியதுதான். என்றைக்கு மாற்றுச் சாமான் கிடைக்காத ஒன்று போகிறதோ, அன்றைக்கு வண்டி மாடிப்படிக்கு அடியில் போய் நின்றுவிடும். எத்தனையோ நல்ல சைக்கிள்கள் சென்னை அடுக்குமாடிகளின் கார் நிறுத்தத்தில் தூசி படிந்து நிற்பது பிரேம் உடைந்து அல்ல. இருபது ரூபாய்ச் சாமான் ஒன்று இங்கே கிடைக்காமல்தான்.

ஆகவே, எந்த வண்டியாக இருந்தாலும் முதலில் சக்கரத்தின் அளவைப் பாருங்கள். நம்மூர் கருப்பு சைக்கிளின் டயர் 28 × 1½. டயரின் ஓரத்தில் உற்றுப் பார்த்தால் 635 என்ற எண் இருக்கும். டயர் உட்காருகிற இடத்தில் ரிம்மின் விட்டம், மில்லிமீட்டரில். இன்றைய நெதர்லாந்து சைக்கிளிலும் 28 என்றுதான் எழுதியிருக்கும், ஆனால் உள்ளே 622. பதின்மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஒன்றின் டயர் மற்றதில் ஏறவே ஏறாது. 635 டயரும் டியூபும் சென்னையில் பஞ்சர் ஒட்டுகிற கடையில்கூட மாட்டி வைத்திருப்பார்கள். 622 கிடைக்காமல் இல்லை; கியர் சைக்கிள் விற்கிற பெரிய கடைகளில் 700சி என்ற பெயரில் இருக்கும். ஆனால் அங்கே இருப்பதெல்லாம் பெரும்பாலும் மெல்லிய டயர். சுமை ஏற்றிக்கொண்டு குண்டும் குழியுமான ரோட்டில் போகத் தடித்த டயர் வேண்டுமென்றால் தேட வேண்டியிருக்கும்.

சரி, வெளிநாட்டு வண்டிகளைப் பார்ப்போம். அவற்றின் மேல் எனக்கு நிஜமான மரியாதை உண்டு. இங்கிலாந்தின் பாஷ்லி 1926இல் பர்மிங்காமில் தொடங்கிய நிறுவனம். இப்போது ஸ்ட்ராட்ஃபோர்டு-அபான்-ஏவனில் இன்னமும் லக் வைத்து, கையால் பற்றவைத்து பிரேம் செய்கிறார்கள். அவர்களுடைய கவ்னர் மாடலுக்கு ரெனால்ட்ஸ் 531 குழாய். மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த இந்த எஃகை ரெனால்ட்ஸ் 1935இல் கொண்டுவந்தது. குழாயின் சுவர் மூட்டுப் பக்கம் தடிப்பாகவும், பளு குறைவான நடுப்பகுதியில் மெல்லிசாகவும் இருக்கும். அதனால் எடையும் குறையும், ஓட்டத்தில் ஒரு துள்ளலும் வரும். சீட்டு புரூக்ஸ், 1866இல் தொடங்கிய கம்பெனி, ஒரே தோலை இழுத்துக் கட்டிச் செய்வது. நாளாக நாளாக உட்காருகிறவரின் உடலுக்குத் தக்கபடி தோல் படிந்துகொள்ளும்.

அப்புறம் ஹப் கியர். அதைச் செய்கிற ஸ்டர்மி-ஆர்ச்சர் கம்பெனி 1902இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் தொடங்கியது. 2000இல் தைவானின் சன்ரேஸ் கைக்குப் போய், இன்றைக்கும் தயாராகிறது. மூன்று கியரும் பின் சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்புக்குள்ளேயே அடக்கம். நடு கியர் நேரடி. கீழ் கியரில் கால்பங்கு லேசாகும், மேல் கியரில் மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடும். வெளியே தொங்குகிற சமாசாரம் எதுவும் இல்லாததால் சேறோ மழையோ அண்டாது. சராசரியாகக் கடல் மட்டத்துக்கு ஏழு மீட்டர் உயரத்தில் இருக்கிற நம் ஊரில் ஏற்றம் என்று சொல்ல மேம்பாலங்கள்தான், அதற்கு மூன்று கியர் தாராளம். சாயங்காலம் கடற்காற்றை எதிர்த்துக் கிழக்கே மிதிக்கிறவர்கள் அந்தக் கீழ் கியரைத்தான் நன்றியோடு நினைப்பார்கள்.

நெதர்லாந்து வண்டிகளின் பெருமை வேறு மாதிரி. வொர்க்சைக்கிள்ஸ், ஆசோர் போன்றவர்களின் வண்டி அழகுக்காகச் செய்ததல்ல, வருஷம் பூராவும் மழையில் வெளியே நின்று, இரண்டு பிள்ளைகளையும் காய்கறிப் பையையும் சுமப்பதற்காகச் செய்தது. செயின் முழுக்க உறைக்குள் இருக்கும். புடவையோ வேட்டியோ மாட்டாது, தூசியும் போகாது. பிரேக் டிரம்முக்குள் இருக்கும். ரிம் நனைந்தாலும் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைத் தெருவில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு இந்த இரண்டும் எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை.

விலைக்கு வருவோம். பாஷ்லியின் ரோட்ஸ்டர் என்கிற பழைய பாணி வண்டி அங்கேயே ஏறத்தாழ ஆயிரம் பவுண்டு. முழு சைக்கிளுக்கான இறக்குமதி வரியை 2023 பட்ஜெட்டில் 30 சதவீதத்திலிருந்து 35 ஆக்கினார்கள். கப்பல் அல்லது விமானச் செலவு, அதற்கு மேல் இறக்குமதி வரி, அதற்கு மேல் ஜி.எஸ்.டி. என்று கூட்டினால் வீட்டு வாசலுக்கு வரும்போது சுமார் இரண்டு லட்சம் ரூபாய் ஆகிவிடும். சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 12லிருந்து 5 சதவீதமானது நல்ல செய்திதான், ஆனால் இந்த வழியில் அது பெரிய ஆறுதல் இல்லை.

இரண்டு லட்சம் கொடுக்க முடிகிறவருக்கும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. வண்டியோடு சேர்த்தே ஒரு பை நிறையச் சாமான் வாங்கிவிடுங்கள்: டிரம்முக்கான பிரேக் ஷூ இரண்டு ஜோடி, பின் ஹப்புக்கான கோன், மாற்றுப் போக்ஸ் கம்பிகள் ஒரு டஜன், கியர் கேபிளின் முனையில் ஹப்புக்குள் போகிற அந்தச் சின்னச் சங்கிலி இரண்டு. அந்தச் சங்கிலி விரல் நீளம்கூட இருக்காது. அது அறுந்தால் மூன்று கியர் வண்டி ஒரே கியர் வண்டியாகிவிடும். உங்கள் தெரு மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அதை இங்கே வாங்கித் தர முடியாது. இன்னொன்று: யாராவது நாட்டிங்காமில் செய்த பழைய அசல் ராலே சைக்கிள் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஆசைப்பட்டால், மரை விஷயத்தில் ஜாக்கிரதை. மற்ற ஆங்கில வண்டிகளில் ஓர் அங்குலத்துக்கு 24 மரை. ராலே தன் சொந்த அளவாக 26 வைத்திருந்தது. ஹேண்டில் கப்போ பெடல் அச்சின் கப்போ போனால் வேறு கப்பு மாட்டாது. அந்த வண்டியின் கப்புகள் நல்ல நிலையில் இருந்தால் மட்டுமே கை வையுங்கள்.

இந்தியாவில் அளவெடுத்து பிரேம் செய்கிறவர்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். விரல்விட்டு எண்ணுகிற அளவில்தான் இருக்கிறார்கள். ஆர்வத்தோடும் நேர்மையோடும் வேலை செய்கிறவர்கள். ஆனால் அவர்களிடம் போகிறவர்கள் பெரும்பாலும் மலை ஏறவும் நீண்ட தூரம் போகவும் வண்டி கேட்கிறார்கள், அவர்கள் கை பழகியிருப்பதும் அதில்தான். ஆறடி இரண்டங்குலம் உயரம், அல்லது நாலரை அடி உயரம், கடையில் இருக்கிற எந்த பிரேமும் உடம்புக்குப் பொருந்தவில்லை என்றால் இந்த வழிக்குப் போகலாம், கொடுக்கிற காசு வீண் இல்லை. போகும்போது 635 சக்கரம் ஏறுகிற மாதிரி, முன் சக்கரத்தைப் பிடிக்கிற போர்க்கும் பின்பக்கமும் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூங்கில் பிரேமும் சிலர் செய்கிறார்கள். பார்க்க அழகு. ஆனால் சென்னையின் ஈரக் காற்றில் முப்பது வருஷக் கணக்கு போடுகிறவருக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது வழி, புதுக் கருப்பு சைக்கிள். பாரிமுனைப் பக்கத்துக் கடைகளிலோ உங்கள் பேட்டைக் கடையிலோ ஏழாயிரம், எட்டாயிரத்துக்குக் கிடைக்கிறது. லக் வைத்த பிரேம், 635 சக்கரம், கம்பி பிரேக், ஏறத்தாழ இருபது கிலோ எடை. பின்னால் மூட்டையே ஏற்றலாம். சாமான் விஷயத்தில் இதை அடித்துக்கொள்ள ஆளே இல்லை. லூதியானாவின் எத்தனையோ சிறு பட்டறைகள் பெடலிலிருந்து பெல் வரை ஒரே அளவில் செய்து தள்ளுவதால், ஒரு கம்பெனி போனாலும் அதன் வண்டி அநாதையாவதில்லை. 1951இல் சோனிப்பட்டில் தொடங்கிய அட்லஸ், 2020 ஜூன் 3ஆம் தேதி, அதுவும் உலக சைக்கிள் தினத்தன்று, சாகிபாபாத் ஆலையை மூடியது. பல பேருக்கு அது வருத்தமான நாள், எனக்கும்தான். ஆனால் அட்லஸ் வைத்திருக்கிறவருக்கு இன்றைக்கும் செயினும் கோனும் காட்டர் பின்னும் எந்தக் கடையிலும் கிடைக்கிறது. இரண்டு லட்ச ரூபாய் வண்டிக்கு இல்லாத காப்பீடு இது.

குறை எங்கே என்றால், அவசர வேலையில். பெயின்ட் மெல்லிசு. ஹப்பில் கிரீஸ் பேருக்குத்தான் இருக்கும். சக்கரம் தளர்வாகக் கட்டியிருப்பார்கள். மூன்று மாசத்தில் கோட்டம் வரும், ஒரு வருஷத்தில் கம்பி அறும். இதற்கு வழி உண்டு. புது வண்டியைக் கடையிலிருந்து நேராக உங்கள் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் முழு ஓவராயில் பண்ணச் சொல்லுங்கள். அவருக்கு ஆச்சரியமாக இருக்கும், ‘புது வண்டிக்கு எதுக்கு சார்?’ என்பார். ஹப்பு இரண்டையும் பெடல் அச்சையும் ஹேண்டில் கப்பையும் பிரித்து, கழுவி, நல்ல கிரீஸ் வைத்து, சக்கரத்தை இழுத்துக் கட்டிவிட்டால் அந்த வண்டியின் ஆயுசு அன்றைக்கே இரண்டு மடங்காகும். தேடி அலைய நேரமில்லாதவருக்கு இதைத் தயங்காமல் சொல்வேன்.

இனி நாலாவது. அம்பத்தூர் என்றால் சைக்கிள் என்று ஒரு காலம். முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அங்கேதான் வந்தது. ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் அங்கிருந்து வந்தவை. தபால்காரர், பால்காரர், வாத்தியார், ஆலைத் தொழிலாளி என்று இந்த ஊரையே சுமந்த வண்டிகள். மேற்கு வங்கத்து ஆசன்சோலில் செய்த சென்-ராலேயும் இங்கே நிறைய ஓடியது. இவற்றில் நல்ல பிரேம்கள் இன்னும் எத்தனையோ வீடுகளின் பின்கட்டில் நிற்கின்றன. மயிலாப்பூர், பெரம்பூர், அயனாவரம், ராயபுரம் மாதிரிப் பழைய பேட்டைகளில் விசாரித்தால் கிடைக்கும். பழைய இரும்புக் கடையில் எடை போட்டு விற்கிறார்கள், வீடு காலி செய்கிறவர்கள் தருகிறார்கள். விலை இரண்டாயிரம், மூவாயிரத்தைத் தாண்டினால் யோசியுங்கள்.

வாங்குவதற்கு முன் பிரேமை நீங்களே சோதிக்கலாம். ஒரு நூல் உருண்டை, ஒரு ஸ்கேல் போதும். பின் சக்கரத்தின் அச்சு உட்காருகிற பிளவில் ஒரு பக்கம் நூலைக் கட்டி, முன்னால் கொண்டுபோய் ஹேண்டில் கழுத்தைச் சுற்றி, மறுபக்கப் பிளவுக்குக் கொண்டுவந்து இறுக்கிக் கட்டுங்கள். இப்போது சீட்டுக் குழாய்க்கு இரண்டு பக்கமும் நூல் போகும். குழாயிலிருந்து இந்தப் பக்க நூலுக்கு எவ்வளவு, அந்தப் பக்க நூலுக்கு எவ்வளவு என்று அளந்தால், இரண்டும் சமமாக இருந்தால் பிரேம் நேர். இரண்டு மூன்று மில்லிமீட்டர் பரவாயில்லை, நல்ல கையால் நிமிர்த்திவிடலாம். அதற்கு மேல் என்றால் விட்டுவிடுங்கள். அடுத்து, ஹேண்டில் கழுத்துக்குப் பின்னால், மேல்பாரும் சாய்குழாயும் தொடங்குகிற இடத்தின் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். பெயின்ட் சுருங்கியோ, குழாய் லேசாகப் புடைத்தோ இருந்தால் வண்டி எங்கேயோ நேராக மோதியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத புடைப்பு விரலுக்குத் தெரியும். கடைசியாகச் சீட்டுக் கம்பியைக் கழற்றிப் பாருங்கள். அது துருவேறிக் குழாயோடு ஒட்டிப்போய் அசையவே இல்லை என்றால், உள்ளே நிறையத் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம்.

மேலே இருக்கிற துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மணல் அடித்துச் சுத்தம் செய்து, அடிப்பூச்சு கொடுத்து, பவுடர் கோட்டிங் போட்டுவிடலாம். அம்பத்தூர், கிண்டித் தொழிற்பேட்டைகளில் செய்கிறார்கள். மணல் அடித்து முடித்ததும் பூச்சுக்கு முன்னால் ஒருமுறை நேரில் போய் மூட்டுகளைப் பாருங்கள். பெயின்ட் இல்லாத பிரேமில் எதையும் மறைக்க முடியாது. லக்கின் விளிம்பு முழுக்கப் பித்தளைக் கோடு மஞ்சளாக, விட்டுப்போகாமல் ஓடினால் நல்ல வேலை. எங்கேயாவது விட்டிருந்தால் அங்கேயே பித்தளை வைத்து அடைத்துவிடலாம். அப்புறம் பழைய மாதிரித் தங்கக் கோடு வேண்டுமென்றால், போர்டு எழுதுகிற ஓவியர்கள் ஊரில் இன்னமும் இருக்கிறார்கள். மட்கார்டில் கை நடுங்காமல் ஒரே இழுப்பில் கோடு போடுவதைப் பார்ப்பதற்கே பக்கத்தில் நிற்கலாம்.

இதற்கெல்லாம் மேலாக, காசையும் கவனத்தையும் கொட்ட வேண்டிய இடம் சக்கரம். வில்லிவாக்கத்தில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இன்னும் கையால் சக்கரம் கட்டுகிறார். கோட்டம் பார்க்க அவரிடம் இருக்கிற கருவி ஒரு பழைய போர்க்தான், சுவரில் தலைகீழாக அறைந்தது. சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கட்டைவிரல் நகத்தை ரிம்மில் பட்டும் படாமலும் வைத்து, நகம் உரசுகிற சத்தத்தைக் கேட்டு எந்தக் கம்பி என்று கண்டுபிடிக்கிறார். கம்பியை இறுக்குகிற நிப்பிளைக் கால் சுற்று, அரைச் சுற்றுக்கு மேல் ஒரு தடவையில் திருக மாட்டார். நேராக வந்துவிட்டது என்று நாம் நினைக்கிறபோது, கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்துக் கையால் நெரிப்பார். உள்ளே ‘டிக், டிக்’ என்று சத்தம் வரும். மறுபடி சுற்றிவிட்டால் சக்கரம் ஆடும். “கம்பி உக்காரணும் தம்பி. இன்னிக்கு நேரா நிக்கும், நாளைக்கு ரோட்ல போயி உக்கார்றதுக்கு இங்கயே உக்காரட்டும். நைட்டு தொங்கட்டும், காலைல வா” என்று அனுப்பிவிடுவார். இப்படிக் கட்டிய சக்கரம் வருஷக் கணக்கில் கோட்டம் வராமல் ஓடும்.

அம்பத்தூரில் ஆலையில் செய்த பிரேமை எப்படிக் கைவேலை சைக்கிள் என்று சொல்லலாம் என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிரேமில் கைவேலை இருந்தால் எடை குறையும், மூட்டுகள் பார்க்க நகை மாதிரி இருக்கும். நீடித்த ஆயுசைத் தருகிற கைவேலை சக்கரத்திலும் ஹப்பிலும் அச்சிலும்தான் இருக்கிறது. அது இந்த ஊரிலேயே, நாம் பக்கத்தில் நின்று பார்க்கிற தூரத்தில், நியாயமான கூலிக்குக் கிடைக்கிறது. கிடைக்கிறவரை அதற்குக் காசு கொடுப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

கருப்பு சைக்கிளின் ஒரே நிஜமான பலவீனம் பிரேக். கம்பி பிரேக்கின் ரப்பர் ரிம்மை உள்பக்கமாக அழுத்துகிறது. குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்துவிட்டால் ரப்பர் வழுக்கும். மழையில் வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் நிற்கும். மழை நாளில் பஸ்ஸுக்குப் பின்னால் ஓட்டுகிறவருக்கு இது விளையாட்டு இல்லை. முன் சக்கரத்துக்கு மட்டும் ஸ்டர்மி-ஆர்ச்சர் டிரம் ஹப் போட்டுக் கட்டினால் கவலை தீரும். ஆனால் ஹப்பு வாங்குவதற்கு முன் ரிம்மில் துளைகளை எண்ணுங்கள். பழைய ஆங்கில வழக்கப்படி நம் சைக்கிளில் முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40. வெளிநாட்டு ஹப்பு பெரும்பாலும் 36 துளை. இரண்டும் சேராது. முன்னுக்கு 32 துளை டிரம் ஹப் கிடைத்தால் இருக்கிற ரிம்மிலேயே கட்டிவிடலாம், இல்லையென்றால் ரிம்மையும் சேர்த்துத் தேட வேண்டும். போர்க்கின் உள் அகலத்தையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள், பழைய போர்க் புது ஹப்பை விடக் குறுகலாக இருப்பது சகஜம். டிரம்மிலிருந்து வரும் கையை போர்க்கில் கிளிப் போட்டுக் கட்டாயம் இறுக்க வேண்டும். அது தளர்ந்தால் பிரேக் பிடிக்கும்போது ஹப்பே சுழன்றுவிடும்.

செலவுக் கணக்கு: பழைய வண்டி, மணல் அடிப்பு, பூச்சு, இரண்டு புது ரிம், கம்பிகள், டயர், டியூப், செயின், பல்சக்கரம், குண்டுகள், கூலி எல்லாம் சேர்த்துப் பதினைந்தாயிரத்துக்குள் முடிக்கலாம். டிரம் ஹப்பும் நல்ல சீட்டும் சேர்த்தால் இன்னொரு பதினைந்து, இருபதாயிரம். சீட்டு மட்டுமே ஒரு புதுக் கருப்பு சைக்கிளின் விலையைத் தாண்டும். தோல் சீட்டு நம் ஊரில் மழை மாசங்களில் பூஞ்சை பிடிக்கும். மேலும் கீழும் மெழுகு தேய்த்து வைக்க வேண்டும், நனைந்த தோலில் உட்கார்ந்து ஓட்டினால் தொய்ந்துவிடும். அந்தப் பராமரிப்புக்குப் பொறுமை இல்லாதவருக்குப் புரூக்ஸே ரப்பரில் செய்கிற கேம்பியம் நல்லது. வியர்வையும் மழையும் அதை ஒன்றும் செய்யாது.

கடல் பக்கம், அதாவது பெசன்ட் நகர், திருவான்மியூர், காசிமேடு பகுதிகளில் இருப்பவர்கள் பிரேமின் உள்பக்கத்தையும் கவனிக்க வேண்டும். துரு உள்ளிருந்து வருவதுதான் ஆபத்து. கட்டுவதற்கு முன், காய்ச்சிய ஆளி விதை எண்ணெயைக் குழாய்களுக்குள் ஊற்றி, பிரேமை எல்லாப் பக்கமும் திருப்பி, வடியவிட்டுக் காயவையுங்கள். உள்ளே ஒரு தோல் மாதிரிப் படிந்துவிடும். பெடல் அச்சு இருக்கிற கூட்டின் அடியில் ஒரு சின்னத் துளை போட்டுவிட்டால் தேங்குகிற தண்ணீர் வெளியேறும். வெள்ளத்தில் ஹப்பு மூழ்குகிற ஆழத்துக்கு வண்டி போயிருந்தால், தண்ணீர் வடிந்த வாரத்திலேயே ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் வையுங்கள். இது இரண்டு லட்ச ரூபாய் வண்டிக்கும் பொருந்தும்.

தினமும் பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிற, மழையிலும் நிற்காமல் ஓட்டுகிற, காசு ஒரு தடையாக இல்லாத குடும்பம் என்றால் நெதர்லாந்து வண்டியை வரவழையுங்கள், சாமான் பையோடு. மேல்பார் இல்லாமல் தாழ்வாக வளைந்த பிரேம் வேண்டிய பெண்களுக்கும் பெரியவர்களுக்கும் அதுவே மேல்; பழைய வண்டிகளில் அந்த அமைப்பு நல்ல நிலையில் கிடைப்பது சிரமம். மூன்றாவது மாடியில், லிப்ட் இல்லாத வீட்டில் இருப்பவர் இந்த இருபது கிலோ வண்டிகள் எதையும் வாங்க வேண்டாம், கீழே பூட்டி வைக்க இடம் இருந்தால் ஒழிய. அவசரமாக வண்டி வேண்டும் என்பவருக்குப் புதுக் கருப்பு சைக்கிளும் ஓவராயிலும். மற்றவர்கள் எல்லோரும் ஒரு நல்ல அம்பத்தூர் பிரேமைத் தேடுங்கள்.

தேடுவதாக இருந்தால் பொங்கல் கழிந்ததும் தொடங்குவது வசதி. போகிக்கு வீடு ஒழிக்கும்போது நிறைய வண்டிகள் வெளியே வரும், இரும்புக் கடைகளில் குவியும். வெயில் காலத்தில் தங்கக் கோடும் குழாய்க்குள் ஊற்றிய எண்ணெயும் நன்றாகக் காயும். ஹப்பு வெளியிலிருந்து வருவதற்கும் சக்கரம் கட்டுவதற்கும் சேர்த்து இரண்டு மூன்று மாசம் போனாலும், ஐப்பசி மழைக்கு முன்னால் ஓட்டிப் பழகி, தளர்ந்ததை இறுக்கி முடித்துவிடலாம்.